காயலான் கடையில் கிடந்த ஸ்பெக்ட்ரோமீட்டர்: துடைக்கலாமா, யாரிடம் கொடுக்கலாம்?

பெருமாள்மலைக்காரன் | ஞாயிறு, காலை 9.10

போன வாரம் வண்டிக்கு ஒரு பழைய பாகம் தேடி வத்தலகுண்டில் ஒரு காயலான் கடைக்குப் போனேன். மேலே கொடைக்கானலிலிருந்து இறங்கிய லோடு ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எந்தப் பள்ளிக்கூடத்துச் சாமான் என்று எனக்குத் தெரியும், இங்கே எழுதப்போவதில்லை. உடைந்த பெஞ்சு, துருப்பிடித்த ஸ்டாண்டு, காலி பிப்பெட் பெட்டி. அதற்கு அடியில் ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டர், வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்து அளக்கிற கருவி. (புத்தகத்தில் நிறமாலைமானி என்று படித்தோம். லேபில் யாரும் அப்படிச் சொன்னதில்லை.)

கடைக்காரர் பித்தளையைத் தனியாக, வார்ப்பிரும்பைத் தனியாகப் பிரிக்கச் சுத்தியலைக் கையில் எடுத்துவிட்டார். "அண்ணே, பொறுங்க" என்று சொல்லி, 900 ரூபாய் கொடுத்துத் தூக்கி வந்துவிட்டேன்.

இப்போது நிலைமை இது. முப்பட்டகம் இல்லை. மட்டம் பார்க்கும் திருகு மூன்றில் ஒன்று போய்விட்டது. தொலைநோக்கிக் குழாயின் முன் லென்ஸில் சிலந்தி வலை மாதிரி வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கிறது. அதைவிடப் பெரிய சேதம் என் வீட்டில் நடந்தது. நான் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் அம்மா புளியைக் கரைத்து, கோணம் பார்க்கும் வட்டத்தில் பாதியைத் தேய்த்துவிட்டார். பாதி தங்கம் மாதிரி மின்னுகிறது. ஆனால் அந்தப் பாதியில் கோடுகளுக்குள் இருந்த கறுப்பு போய்விட்டது, அளவைப் படிக்க முடியவில்லை. தேய்க்காத பாதியில் கோடுகள் பளிச்சென்று தெரிகின்றன.

நம் தலைக்கு மேலே, இதே மலையில், கொடைக்கானல் வானாய்வகத்தில் 120 வருஷமாகச் சூரிய வெளிச்சத்தைப் பிரித்துப் பார்க்கிறார்கள். கீழே அதே வேலையைச் சொல்லிக்கொடுத்த கருவி கிலோக் கணக்கில் போகிறது. இதை என்ன செய்வது?

மூஞ்சிக்கல்_டீக்கடை | ஞாயிறு, காலை 9.32

அம்மாவைத் திட்டாதீர்கள். பித்தளை என்றால் புளி. குத்துவிளக்குக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கும் அவருக்கு என்ன வித்தியாசம் தெரியும்?

ஓய்வுபெற்ற_லேப் | ஞாயிறு, காலை 11.05

தம்பி, 31 வருஷம் இயற்பியல் லேபில் உதவியாளராக இருந்தவன் சொல்கிறேன். முதலில் அந்தப் புளியை நிறுத்துங்கள். பவுடர், எலுமிச்சை, பாலிஷ் எதுவும் வேண்டாம். பழைய கருவிகளில் பித்தளைக்கு மேல் மெல்லிய அரக்கு வார்னிஷ் இருக்கும். அது போனால் நம் மலை ஈரத்துக்கு ஆறே மாதத்தில் பச்சை பூத்துவிடும். வட்டத்தின் கோடுகளில் இருக்கும் கறுப்பு அழுக்கு இல்லை, படிப்பதற்காக நிரப்பிய மெழுகுக் கலவை. தேய்க்காத பாதியை அப்படியே விடுங்கள். தேய்த்த பாதியை ஈரத்துணியால் ஒற்றி, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். புளி அதில் காயக் கூடாது.

லென்ஸில் இருப்பது பூஞ்சை. கொடைக்கானல், ஊட்டி லேப்களில் இது தீராத தலைவலி. எங்கள் லேபில் லென்ஸ், முப்பட்டகம், கிரேட்டிங் இருக்கும் பீரோவுக்குள் 40 வாட் குண்டு பல்பு ஒன்று இரவும் பகலும் எரியும். கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டு ஒரு புதிய அதிகாரி அதை அணைக்கச் சொன்னார். அந்த மழைக்காலத்தில் பதினோரு லென்ஸ் போனது.

நீங்கள் செய்ய வேண்டியது: தோல் பெட்டியோ பஞ்சு வைத்த பெட்டியோ வேண்டாம், ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். நீல மணி வெளிர்சிவப்பாக மாறினால் சூடுகாட்டி மறுபடி பயன்படுத்தலாம், ஆனால் சமையல் கடாயில் வேண்டாம். லென்ஸை ஸ்பிரிட்டில் முக்காதீர்கள். முன் லென்ஸ் பெரும்பாலும் இரண்டு கண்ணாடிகளைக் கனடா பால்சம் பிசினால் ஒட்டியது. ஓரத்தில் ஸ்பிரிட் இறங்கினால் ஒட்டு விட்டுவிடும். வெயிலிலும் வைக்காதீர்கள், குவிந்த வெயில் எங்கேயாவது பற்றிக்கொள்ளும். லென்ஸ் காகிதத்தைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் லேசாக நனைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரே ஒரு இழுப்பு. போகாவிட்டால் விட்டுவிடுங்கள். பூஞ்சை கண்ணாடியைத் தின்றிருந்தால் பிறகு எதுவும் செய்ய முடியாது, ஆனாலும் பார்க்கும் அளவுக்குத் தெரியும்.

இன்னொன்று. அந்தப் பள்ளியில் ஸ்டாக் ரெஜிஸ்டரில் அதைக் கழித்துவிட்டார்களா என்று கேட்டு, ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு அருங்காட்சியகத்திடம் கொடுக்கப் போனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

கணக்குச்சரி | ஞாயிறு, மதியம் 1.40

தப்பாக நினைக்காதீர்கள். 1980-இல் ஏதோ ஒரு கம்பெனி நூற்றுக்கணக்கில் செய்த கல்லூரிக் கருவிக்கு இவ்வளவு பேச்சா? படம் எடுத்துப் போட்டுவிட்டு எடைக்குப் போடுங்கள். அப்புறம், "ஒளியியல் வரலாறு" என்றாலே நியூட்டன், ஃபிரான்ஹோஃபர், எவர்ஷெட் என்று எல்லாம் வெள்ளைக்காரர் கதை. ஹீலியத்தைக் கண்டுபிடித்த எவர்ஷெட் கொடைக்கானலில் இருந்தார் என்று பெருமைப்பட்டு நமக்கு என்ன ஆகப்போகிறது?

சூரியப்புள்ளி | ஞாயிறு, மாலை 4.15

கணக்கு சரியில்லை, கணக்குச்சரி. ஹீலியத்துக்கும் எவர்ஷெட்டுக்கும் சம்பந்தமில்லை. 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தின்போது குண்டூரில் ஜான்சென் என்ற பிரெஞ்சுக்காரரும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் போக்சனும் சூரிய விளிம்பின் நிறமாலையைப் பார்த்தார்கள். அதில் தெரிந்த மஞ்சள் கோடு சோடியத்தின் கோடு இல்லை என்பது பிறகு உறுதியானது. நீங்கள் லேபில் மஞ்சள் விளக்கை வைத்துப் பார்த்தீர்களே, அந்தச் சோடியம் கோடுகள் 5890, 5896 ஆங்ஸ்ட்ராம் (ஒளியின் அலைநீளத்தை அளக்கும் அலகு). ஹீலியத்தின் கோடு 5876. பக்கத்து வீடு. அதனால்தான் குழப்பம்.

எவர்ஷெட் செய்தது வேறு, என் கணக்கில் இன்னும் அழகானது. அவர் இங்கிலாந்தில் வேதியியல் வேலை பார்த்துக்கொண்டு வானியலைப் பொழுதுபோக்காக வைத்திருந்தவர். 1907-இல் கொடைக்கானல் வந்தார். அதற்கு முந்தைய வருஷங்களை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்: 1876-78 தாது வருஷப் பஞ்சம், மழைக்கும் சூரியப் புள்ளிக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி, மலைமேல் தொலைநோக்கி வைக்க வேண்டும் என்ற போக்சனின் கோரிக்கை, பிறகு இங்கே முதல் இயக்குநரான மிச்சி ஸ்மித் பழனி மலையையும் நீலகிரியையும் ஒப்பிட்டுப் பார்த்தது, 1895-இல் வானாய்வகத்துக்கு அடிக்கல், 1899-இல் சென்னையிலிருந்து இடமாற்றம், 1901 முதல் பதிவுகள்.

1908-இல் அமெரிக்காவில் ஹேல் என்ற வானியலாளர் சூரியப் புள்ளிகளில் காந்தப்புலம் இருப்பதைக் காட்டியிருந்தார். புள்ளி ஒரு சுழல், தண்ணீர் வடியும்போது சுற்றுகிற மாதிரி என்று எல்லாரும் நினைத்தார்கள். சுழலாக இருந்தால் ஒரு பக்கம் நம்மை நோக்கி வரும், எதிர்ப் பக்கம் விலகிப் போகும். பஸ் ஹாரன் நெருங்கும்போது கீச்சென்றும் தாண்டியதும் கட்டையாகவும் கேட்கிறதல்லவா, அதேபோல நிறமாலைக் கோடும் நீலப் பக்கமோ சிவப்புப் பக்கமோ நகரும். 1909 ஜனவரியில் எவர்ஷெட் இதைத் தேடினார். கோடு நகர்ந்தது உண்மை, ஆனால் சுழலுக்குத் தேவையான திசையில் இல்லை. சூரிய வட்டின் நடுவை நோக்கிய பக்கம் நீலத்துக்கும், விளிம்பை நோக்கிய பக்கம் சிவப்புக்கும் நகர்ந்தது. அதாவது வாயு புள்ளியின் நடுவிலிருந்து வெளியே, மேற்பரப்பை ஒட்டி ஓடுகிறது. வேகம் நொடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர். ஒளியின் வேகத்தில் ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்கு. சோடியத்தின் அந்த இரண்டு மஞ்சள் கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை 150 துண்டாக வெட்டினால் ஒரு துண்டு எவ்வளவோ, அவ்வளவுதான் நகர்வு.

லேபில் அந்த இரண்டு கோடுகளைத் தனித்தனியாகப் பார்க்கவே நம்மில் பாதிப் பேருக்குக் கண் வலித்தது. இதைப் புரிந்துகொள்ள ஒரு பையன் ஒருமுறையாவது ஸ்பெக்ட்ரோமீட்டரில் கண் வைத்திருக்க வேண்டும். படத்தில் பார்த்தால் வராது.

கணக்குச்சரி | ஞாயிறு, மாலை 5.02

ஹீலியம் விஷயம் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லாம் வெள்ளைக்காரர் கதைதானே, இதில் நம் ஆட்கள் எங்கே என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை.

வத்ராப்_அக்கா | ஞாயிறு, இரவு 8.20

நான் சொல்கிறேன். என் ஊர் வத்திராயிருப்பு. கே. எஸ். கிருஷ்ணன் பிறந்த ஊர், 1898. மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறித்தவக் கல்லூரியிலும் படித்துவிட்டுக் கல்கத்தாவில் ராமனிடம் போனவர். 1928 பிப்ரவரி 28 என்றால் ராமன் விளைவு, தேசிய அறிவியல் நாள், பள்ளியில் பேச்சுப்போட்டி. எல்லாம் தெரியும். ஆனால் அந்தப் பிப்ரவரியில் நாளுக்கு நாள் என்ன நடந்தது, எந்தத் திரவத்தை எப்போது வைத்துப் பார்த்தார்கள் என்பது நமக்கு எப்படித் தெரியும்? கிருஷ்ணன் அந்த வாரங்களில் ஒரு நாட்குறிப்பு எழுதினார். அது காணாமல் போயிருந்தால் கதை பாதிதான் மிஞ்சியிருக்கும்.

அவர்கள் வைத்திருந்த கருவியும் பெரிய ராஜாங்கக் கருவி இல்லை. வெயிலைக் குவிக்க ஒரு தொலைநோக்கி லென்ஸ், வடிகட்டும் கண்ணாடிகள், கையடக்க நிறமாலைக்காட்டி. அதை வைத்துத்தான் நோபல்.

இன்னொருவர், சிந்தாமணி ரகுநாதாச்சாரி. நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வகத்தில் போக்சனின் கீழ் வேலை பார்த்தவர். 1867-இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1874 வெள்ளி இடைநகர்வைப் (சூரியனுக்குக் குறுக்கே வெள்ளிக் கோள் கடப்பது) பற்றி நம் மொழிகளில் சிறுநூல் எழுதி மக்களுக்குச் சொன்னார். வானத்தில் பார்த்ததை வைத்துத் திருத்திய திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்காகப் பாடுபட்டவரும் அவர்தான். வீட்டில் வாக்கியமா திருக்கணிதமா என்று சண்டை போடுகிறோமே, அதில் தொலைநோக்கியும் ஒரு கட்சி என்று யாராவது நமக்குச் சொன்னார்களா? அவர் பெயரில் ஒரு தெரு உண்டா? வெள்ளைக்காரர் கதை என்று சொல்லி ஒதுக்கினால் இவர்களும் சேர்ந்து காணாமல் போவார்கள்.

பெண்கள் பக்கமும் சொல்லிவிடுகிறேன். எவர்ஷெட்டின் மனைவி மேரியும் வானியல் ஆய்வாளர். சூரிய விளிம்பில் எழும் தீப்பிழம்புகளைப் பற்றிக் கொடைக்கானல் பதிவுகளிலிருந்து 1917-இல் வந்த பெரிய கட்டுரையில் இருவர் பெயரும் இருக்கிறது. "மனைவி உதவினார்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்.

ஊட்டி_இருட்டறை | திங்கள், காலை 6.50

கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் நடந்த போட்டியில் மிச்சி ஸ்மித் உங்கள் பக்கம் சாய்ந்துவிட்டார். அந்த வருத்தம் எங்களுக்கு இன்னும் இருக்கிறது. 2019 டிசம்பர் 26 வளைய கிரகணத்துக்கு எங்கள் ஊர்தான் பாதையில் இருந்தது என்று சொல்லி ஆற்றிக்கொள்கிறோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒளியியல் என்றால் லென்ஸும் முப்பட்டகமும் மட்டும் இல்லை. ஒளியைப் பிடித்து வைக்கிற பொருளும் சேர்த்திதான். என் அப்பா ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையில் இருந்தார். 1960-இல் நிறுவி, 1967-இல் உற்பத்தி ஆரம்பித்த ஆலை. "இந்து" பிலிம் என்றால் நாற்பது வயதுக்கு மேலானவர்களுக்கு நினைவிருக்கும். எக்ஸ்ரே பிலிமும் செய்தார்கள். பூச்சுப் பூசுகிற அறையில் முழு இருட்டு. எத்தனை எட்டு வைத்தால் கதவு, எந்தப் பக்கம் கை நீட்டினால் கைப்பிடி என்று அப்பாவுக்கு மனப்பாடம். வீட்டில் கரண்ட் போனால் நாங்கள் மெழுகுவர்த்தி தேடுவோம், அவர் எழுந்து நேராகப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்.

ஆலை மூடிவிட்டது. என்னிடம் மிச்சம் ஒரு டப்பா நெகட்டிவ். போன மாதம் திறந்தால் காடி வாடை. அசிடேட் பிலிம் கெட ஆரம்பித்துவிட்டது. இந்த வாடை வந்த சுருளை மற்றவற்றோடு சேர்த்து வைக்கக் கூடாது, ஆவி பரவி எல்லாவற்றையும் கெடுக்கும். நான் பிரித்துவிட்டேன். ஆனால் அப்பாவின் கைக்குத் தெரிந்ததை எந்த டப்பாவில் போட்டு வைப்பது என்று தெரியவில்லை. அவரை உட்காரவைத்துப் பேசிப் பதிவு செய்திருக்கலாம். செய்யவில்லை.

கணக்குச்சரி | திங்கள், காலை 10.30

உங்கள் அப்பா கதை மனசைத் தொட்டது. ஆனாலும் கேட்கிறேன். கொடைக்கானலில் கண்ணாடித் தட்டுகளில் எடுத்த சூரியப் படங்களையெல்லாம் ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டாயிற்று. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். இனி அந்தக் கண்ணாடித் தட்டு எதற்கு, பழைய கருவி எதற்கு?

சூரியப்புள்ளி | திங்கள், மதியம் 2.25

இது நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன்.

1904-லிருந்து வெயில் அடித்த நாளெல்லாம் சூரியனைப் படம் எடுத்தார்கள். சும்மா வெள்ளை ஒளியில் ஒன்று. ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப் (சூரியனை ஒரே ஒரு நிறக்கோட்டில் படம் எடுக்கும் கருவி) வைத்துக் கால்சியத்தின் ஊதாக் கோட்டில் ஒன்று. 1912 முதல் ஹைட்ரஜனின் சிவப்புக் கோட்டிலும். ஒரே இடத்தில், ஏறத்தாழ ஒரே முறையில், நூறு வருஷத்துக்கு மேல். பதினோரு வருஷச் சூரியச் சுழற்சி இதில் ஒன்பது பத்து முறை வந்து போயிருக்கிறது. உலகத்தில் இப்படி விரல்விட்டு எண்ணும் தொகுப்புகள்தான் உண்டு.

ஆனால் ஸ்கேன் செய்த படத்தை ஒருவர் கணினியில் திறந்தால் அவருக்கு முதலில் என்ன வேண்டும்? வடக்கு எந்தப் பக்கம். எத்தனை மணிக்கு எடுத்தது. வானம் தெளிவா, மஞ்சு இருந்ததா. இதெல்லாம் தட்டின் ஓரத்திலும் உறையிலும் பதிவேட்டிலும் யாரோ கையால் எழுதியது. நேரம் ஒரு மணி தப்பினால் சூரியன் சுழலும் வேகத்தைக் கணக்கிடும்போது புள்ளிகள் இடம் மாறி நிற்கும். தட்டைத் திருப்பி வைத்து ஸ்கேன் செய்தால் கிழக்கு மேற்காகிவிடும். ஒரு எண் சந்தேகமாக இருந்தால் திரும்பிப் போய்ப் பார்க்கத் தட்டு இருக்க வேண்டும். அதை எடுத்த கருவியின் குணம் தெரிய வேண்டும், எந்த வருஷம் எந்த லென்ஸ் மாற்றினார்கள், வெளிச்சம் நுழையும் பிளவு எவ்வளவு அகலம் என்று. கணினியில் இருப்பது நகல். நகலைச் சரிபார்க்க மூலம் வேண்டாமா? பத்திரத்துக்கு நாம் செய்வதுதானே.

இங்கேதான் எனக்கு ஒரு ஆதங்கம். வரலாறு என்றால் இயக்குநர்களின் வரிசையைச் சொல்கிறோம்: மிச்சி ஸ்மித், எவர்ஷெட், ராய்ட்ஸ், நாராயண், தாஸ், வைணு பாப்பு. அந்தத் தட்டின் ஓரத்தில் பென்சிலால் நேரம் எழுதியவர் யார்? பனிக்காலத்தில் ஐஸ் மாதிரித் தண்ணீரில் தட்டைக் கழுவியவர் யார்? காவலூர் வானாய்வகத்தில் 1960-களின் இறுதியில் வைத்த முதல் 38 செ.மீ. தொலைநோக்கி கொடைக்கானல் பட்டறையில் செய்தது. அதன் கண்ணாடியைத் தேய்த்த கைகள் எத்தனை? கணக்குச்சரி, நீங்கள் கேட்ட "நம் ஆட்கள்" அங்கேதான் இருக்கிறார்கள்.

மூஞ்சிக்கல்_டீக்கடை | திங்கள், மாலை 3.10

அங்கே உள்ளே போனால் சூரியனையே காட்டுவார்கள். சுரங்கத் தொலைநோக்கி, 60 மீட்டர் நீளம், 11 மீட்டர் கோபுரத்திலிருந்து கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே இறக்கும். அதில் விழும் சூரிய பிம்பம் 34 செ.மீ. எங்கள் கடைத் தோசைக்கல் அளவு. புள்ளி இருந்தால் அதில் கருகிய மாதிரித் தெரியும்.

ஓய்வுபெற்ற_லேப் | திங்கள், இரவு 7.45

சூரியப்புள்ளி சார் சொன்னதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். 31 வருஷத்தில் எத்தனை ஸ்பெக்ட்ரோமீட்டரைப் பிரித்துப் பூட்டியிருப்பேன், என் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை.

தம்பி, ஒரு வேலை செய்யுங்கள். அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். பழுது பார்க்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு.

பெருமாள்மலைக்காரன் | வெள்ளி, இரவு 9.30

எல்லாருக்கும் நன்றி. நான்கு நாளாக இதே வேலை.

லென்ஸில் சொன்னபடி ஒரே இழுப்பு. முக்கால்வாசி போய்விட்டது, ஓரத்தில் ஒரு தழும்பு நிற்கிறது. நண்பர் ஒருவர் கல்லூரியிலிருந்து முப்பட்டகம் கொண்டுவந்தார். காணாமல் போன திருகுக்குப் பதில் சைக்கிள் போல்ட். இன்று காலை ஏழரைக்கு மொட்டை மாடியில் வைத்தோம். தொலைநோக்கியைத் தூரப் பொருளுக்கு ஃபோகஸ் செய்ய வேண்டுமே, பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் நிற்கும் சில்வர் ஓக் மரத்தின் உச்சியைப் பிடித்தேன். தலைகீழாகத் தெரிந்தது. பிளவை மயிரிழைக்குக் குறைத்து, வெளிச்சமான வானத்தை நோக்கி வைத்தேன். சூரியனை நோக்கி இல்லை, யாரும் அப்படிச் செய்துவிடாதீர்கள், கண் போய்விடும்.

முதலில் வெறும் வானவில் பட்டை. லேபில் பார்த்ததுதான், பெரிதாக ஒன்றுமில்லை என்று நினைத்தேன். பிளவை இன்னும் கொஞ்சம் மூடினேன். மஞ்சளில் ஒரு கறுப்புக் கோடு வந்து நின்றது. பிறகு பச்சையில் சில, நீலத்தில் ஒன்று அழுத்தமாக. ஊதாவின் ஓரத்தில் மங்கலாக இரண்டு, அவற்றில் ஒன்று சூரியப்புள்ளி சொன்ன கால்சியம் கோடாக இருக்க வேண்டும். 1814-இல் ஃபிரான்ஹோஃபர் இப்படித்தான் ஒரு தியோடலைட்டின் குழாயில் கண் வைத்து 570-க்கும் மேற்பட்ட கோடுகளை எண்ணினாராம். அநாதைப் பையன், கண்ணாடிப் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தவர், 39 வயதில் இறந்துவிட்டார். நான் பதினேழு வரை எண்ணினேன். அதற்குள் மஞ்சு ஏறி மரமும் போய்விட்டது, கோடும் போய்விட்டது.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நடுவுல கோடு கோடா அழுக்கா இருக்கே, தொடைச்சியா?" என்று கேட்டார்.

பள்ளியில் ஸ்டாக் ரெஜிஸ்டரில் கழித்துவிட்டதற்கு ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதே பள்ளியில் இன்னும் இரண்டு கருவி பீரோவில் இருக்கிறதாம். பல்பு ஒன்று மாட்டித் தருகிறேன், எடைக்குப் போடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். யோசிப்பதாகச் சொன்னார்கள்.

அப்புறம், லேப் அண்ணே, அடிப்பாகத்தைத் திருப்பினேன். பச்சை பெயின்ட்டுக்கு அடியில் கூரான ஏதோ ஒன்றால் கீறியிருக்கிறது. செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிறது: "வெர்னியர் சரி செய்தது. மு. 12-8-71." மேலே கொடைக்கானல் பக்கம் 1971-இல் இந்த வேலை பார்த்த, மு-வில் தொடங்கும் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?

ஓய்வுபெற்ற_லேப் | வெள்ளி, இரவு 10.05

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் பெயர் மு-வில்தான் ஆரம்பிக்கும். கையெழுத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். அவர் "மு" போடும்போது வாலை மேலே சுழிப்பார், "சரி"யில் தெரியாது. தேதியில் 7-க்கு நடுவே குறுக்குக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள்.